சிவப்புப் பிஸ்டன், மஞ்சள் சிலிண்டர்

மார்ச் 3, திங்கள்

கம்பெனியில் இன்றும் அதே கதை. அண்ணன் தேய்த்து அனுப்பும் பிஸ்டன்களில் முக்கால்வாசிக்குச் சிவப்புப் பொட்டு, அதாவது பெரிசு. என் வீட்டுக்காரர் குடைந்து அனுப்பும் சிலிண்டர்களில் முக்கால்வாசிக்கு மஞ்சள், சிறிசு. நடு அளவுக்கு நீலம், அது அபூர்வம். ஒரே நிறம் சேர்ந்தால்தான் கம்ப்ரஸர் ஓடும். ஜோடி அமையாதவை மிச்சத் தட்டுக்கு. அளந்து, பொட்டு வைத்து, ஜோடி சேர்ப்பது நான். வரன் அமையாததற்கு ஏச்சு வாங்குவதும் நான்.

மார்ச் 5

மேனேஜர் கூப்பிட்டார். மிச்சமெல்லாம் பழைய இரும்பாகப் போகிறதாம். மாதக் கடைசிக்குள் குறையாவிட்டால் பிஸ்டனும் சிலிண்டரும் ஜோடி சேர்ந்த செட்டாகவே வெளியில் வாங்கிக்கொள்வார்களாம். என் மேஜை வேண்டியிருக்காது. அவர் கத்தவில்லை, டீ குடிக்கச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 6

வீட்டில் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

மார்ச் 10

சொன்னேன். இவர், "உங்க அண்ணனைப் போய்க் கேளு" என்றார். அண்ணன், இவரைக் கேட்கச் சொன்னான். நாங்கள் வீடு மாறியபோது இருவரும் தூக்கிவந்த பீரோ கீறிப்போனதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இருவர் சரக்கும் சோதனையில் பாஸ். தப்பே செய்யாத இரண்டு பேருக்கு நடுவில் என் வேலை போகிறது.

மார்ச் 12

சாப்பாட்டு நேரத்தில் இருவரையும் மேஜைக்கு வரவழைத்தேன் — ஒருவர் வருவதை மற்றவருக்குச் சொல்லாமல். சிவப்புப் பிஸ்டனையும் மஞ்சள் சிலிண்டரையும் நீட்டி, நீங்களே சேருங்கள் என்றேன். அண்ணன் அழுத்தினான். இவர் எண்ணெய் தடவிப் பார்த்தார். போகவில்லை.

ஏன் எப்போதும் இப்படியே வருகிறது என்று கேட்டேன். அண்ணன் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "பெரிசா விட்டா இன்னொரு தடவை தேய்ச்சுக்கலாம். சின்னதாப் போனா அவ்வளவுதான்."

இவர் நிமிர்ந்தார். "நானும் அதுக்குத்தான் ஓட்டையைச் சின்னதா விடுறேன்."

வந்ததே கோபம். "ரெண்டு பேரும் ஜாக்கிரதையா இருந்து என்னை நடுத்தெருவுல நிறுத்துறீங்க. நடு அளவுக்குப் பண்ணுங்க. கெட்டுப்போனா நான் ஏச்சு வாங்கிக்கறேன்."

இருவரும் சாப்பிடப் போனார்கள். தனித்தனியாக.

மார்ச் 17

ஆளுக்கு ஒன்று கெட்டது. ஏச்சு வாங்கினேன். ஆனால் மீதி முக்கால்வாசி நீலம்!

மார்ச் 21

தட்டில் கிடந்த பழைய சிவப்புப் பிஸ்டன்களை அண்ணன் தானாகவே எடுத்துப் போனான். இவருடைய மஞ்சள் சிலிண்டர்களுக்குத் தகுந்தபடி தேய்த்துக் கொண்டுவந்தான். நான் சொல்லவே இல்லை.

மார்ச் 31

மேனேஜர் தட்டைப் பார்த்தார். மேஜை இருக்கட்டும் என்றார். இன்று டீ தரவில்லை; நிம்மதி.

ஏப்ரல் 8

மிச்சத் தட்டு சும்மாதானே கிடக்கிறது என்று சாப்பாட்டு டப்பாக்களை அதில் வைக்கிறோம். இன்று அண்ணனுடையதும் சேர்த்து மூன்று. யாரும் பீரோவைப் பற்றிப் பேசவில்லை. பாதிச் சாப்பாட்டில் அண்ணன், "மாப்ளே, தண்ணிய இப்படித் தள்ளுங்க" என்றான். இவர் தள்ளினார்.