இறக்கத்தில் இடிக்கும் கியர்

செவ்வாய், இரவு.

தேவராஜ் அண்ணனின் பழைய ஆட்டோமேட்டிக் கார் மறுபடி ஷெட்டுக்கு வந்தது. இறக்கத்தில் கியர் இடிக்கிறதாம். நான் எத்தனை தடவை ஓட்டியும் இடிக்கவில்லை. ஆயிலும் சுத்தம். கியர்பாக்ஸைக் கழற்றிவிடலாம் என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, அவரையே ஓட்டச் சொல்லிப் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். அண்ணி முன்னால் உட்கார்ந்தார்.

ஒரகடம் மேம்பாலத்து இறக்கத்தில் அண்ணனின் இடது கை லீவரை நியூட்ரலுக்குத் தள்ளியது. கீழே வந்ததும் மறுபடி டிரைவுக்கு இழுத்தார். தடால்!

"ஏண்ணே நியூட்ரல் போட்டீங்க?"

"எறக்கத்துல வண்டி சும்மாவே உருளும். பெட்ரோல இன்னாத்துக்குப்பா வேஸ்ட் பண்ணணும்?"

காலமெல்லாம் லாரி ஓட்டிய கை.

"ஆட்டோமேட்டிக்ல அப்படிப் பண்ணா கியர்பாக்ஸே போய்டும்ணே."

"எனக்கே தெரியாம கை பூடுது தம்பி" என்றார் பாவமாக.

திரும்பும்போது அதே மேம்பாலம். கை மறுபடி லீவருக்குப் போனது.

"கைய இங்க குடுய்யா" என்று அண்ணி அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கியர் இடிக்கவே இல்லை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இறக்கம் முடிந்த பிறகும் அண்ணி கையை விடவில்லை. அண்ணனும் திரும்பக் கேட்கவில்லை.