மாரடைப்பு என்று நான் எழுதிய கல்வெட்டு

என் ராசா கஜன்,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்போதுதான் உனக்கு எழுதத் துணிகிறேன். எனக்குத் துணிவு வர எப்போதும் நாள் எடுக்கும். "பெரியப்பா பச்சை லைற் விழுந்தாலும் ரெண்டு தரம் யோசிச்சுத்தான் றோட்டைக் கடப்பார்" என்று நீ சொல்லிச் சிரிப்பாய். உண்மைதான். ஆனால் இந்தக் கடிதத்தைப் பயத்தோடு எழுதவில்லை. நான் கோபமாக இருக்கிறேன்.

யாரோடு என்று கேட்கிறாயா? வழக்கம்போலப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். முதல் பெயர் என்னுடையது.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கிற இந்த மல்வேர்னில் எங்கள் ஆட்கள் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் வந்தவர்களுக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்தை என்னிடம்தான் எழுதத் தருவார்கள். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், உற்றார் பெயர்கள், ஒரு தேவாரம், கடைசிப் பக்கத்தில் நன்றி. நான் எழுதினால் பிழை இராது என்று ஒரு நம்பிக்கை. உன்னுடையதிலும் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. நாலாம் பக்கத்தில் மட்டும் "திடீர் மாரடைப்பினால் இறைவனடி சேர்ந்தார்" என்று எழுதினேன்.

உன் இதயத்துக்கு ஒரு நோயும் இருக்கவில்லை. நீ உன் உயிரை நீயே முடித்துக்கொண்டாய். அது எனக்குத் தெரியும், உன் அம்மா அப்பாவுக்குத் தெரியும், உன் தங்கை மதுராவுக்கும் தெரியும். உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, ஹார்ட் எண்டு போடுங்கோ. மதுராவுக்கு நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி பேசவேணுமெல்லோ" என்றான். மதுராவுக்கு அப்போது வயது பதினாறு. நான் மறுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினேன்.

கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரம் பார்க்கிற வேலை செய்தவன் நான். மயிர் அளவு வெடிப்பு இருந்தாலும் சிவப்புத் துண்டு கட்டி ஒதுக்கி வைப்பேன். மேலாளர் முறைத்துப் பார்த்தாலும் எடுக்கமாட்டேன். இரும்புக்குக் காட்டிய நேர்மையை உனக்குக் காட்டவில்லை.

எழுதிய கல்வெட்டுகளில் ஒவ்வொரு பிரதி ஆண்டுவாரியாக என்னிடம் இருக்கிறது. உன் காரியங்கள் முடிந்த பிறகு அவற்றை எடுத்துப் பார்த்தேன். உனக்கு முன்னே இன்னும் இரண்டு இளம் பிள்ளைகள். ஒருத்திக்குத் "திடீர் சுகவீனம்". மற்றவனுக்கு "விபத்து". இரண்டும் பொய் என்று தெரிந்துகொண்டே எழுதினேன். அந்த மற்றவன் உன்னோடு மிருதங்கம் பழகியவன். அவன் விபத்தில்தான் போனான் என்று நீ நம்பினாயா? இல்லை, உண்மை உனக்குத் தெரிந்திருந்து, பெரியவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வடையும் கோப்பியும் எடுத்ததைப் பார்த்து, இந்த வீடுகளில் இதைப் பேச முடியாது என்று முடிவு கட்டிக்கொண்டாயா? ஒரு வருடமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன்.

உன் செத்தவீட்டில் நின்றவர்களிலும் எனக்குக் கோபம். "எல்லாம் செய்து குடுத்ததுகள், பெடியனுக்கு என்ன குறை?" என்று ஒரு அன்ரி. "எதோ லவ்வாம்" என்று இன்னொருவர், உன் பெட்டிக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு. அவர்களைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் மலர்வளையங்களில் இருந்த பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு முந்தின மாதம் என் போனைத் திருத்தித் தர நீ வந்தாயே. மேசையில் தலையை வைத்துக்கொண்டு, "களைச்சுப் போனன் பெரியப்பா" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மறந்திருக்கமாட்டாய். "இந்த வயசில என்னடா களைப்பு? நேரத்துக்குச் சாப்பிடு." எவ்வளவு படித்தவன் நான். எத்தனை புத்தகம். அந்த ஒரு சொல்லைப் பிடித்து, "ஏன் ராசா, என்ன மாதிரிக் களைப்பு?" என்று கேட்க எனக்குத் தெரியவில்லை.

இனி நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

உன் அப்பா வீட்டை விற்றுவிட்டு அஜக்ஸ் என்கிற ஊர்ப் பக்கம் போய்விட்டான். அங்கே ஒருவருக்கும் உன்னைத் தெரியாது என்பதுதான் காரணம். வீடு மலிவு என்று வெளியில் சொல்கிறான். மதுரா புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பட்மின்ரன் மட்டையைக் கொண்டுபோய் நிலவறையில் வைத்துவிட்டாள். நான் போகிற ஞாயிறுகளில் "ஹாய் பெரியப்பா" என்று விட்டு மேலே ஏறிப் போய்விடுவாள். "படிக்கிறாள்" என்று உன் அம்மா சொல்லுவாள். நானும் தலையாட்டுவேன். மறுபடியும் தலையாட்டினேன், கஜன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாசி மாதம் இங்கே நூலகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. பிள்ளைகள் தங்கள் உயிரை முடித்துக்கொள்ளாமல் குடும்பமும் ஊரும் என்ன செய்யலாம் என்பது பேச்சு. எங்கள் இளம் பிள்ளைகள் சிலர்தான் ஒழுங்கு செய்திருந்தார்கள். வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன், தெரிந்தவர்கள் வந்தால் எழும்பிப் போக வசதியாக. பேசியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் தென்மேற்கிலிருந்து வந்த நவஹோ பழங்குடிப் பெண்மணி. அவர்களிடத்திலும் இளம் பிள்ளைகள் இப்படிப் போகிறார்களாம். சாவை வாயால் சொன்னால் அதைக் கூப்பிடுவதாகும் என்று அவர்களின் பெரியவர்களும் அஞ்சுகிறார்களாம். அவர் அந்த அச்சத்தைக் கேலி செய்யவில்லை. அவர்களில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் தாய்வழிக் குலத்தையும் பிறகு தகப்பன்வழிக் குலத்தையும் சொல்வார்களாம். யார் யாருக்கு என்ன முறை என்று அதிலே தெரிந்துவிடும். "அந்த முறையோடு போய்ப் பக்கத்தில் இருந்து நேராகக் கேளுங்கள்" என்றார். "கேட்பதால் அந்த எண்ணம் வராது. இருந்தால், அதோடு அந்தப் பிள்ளை தனியே கிடக்கத் தேவையில்லை."

நான் குறிப்பெடுத்தேன். முதலாவது, முறை சொல்வது. இரண்டாவது, நேராகக் கேட்பது. மூன்றாவது, பதிலைக் கேட்டுப் பதறாமல் இருப்பது. நாலாவது, தனியே விட்டுவிட்டு வராமல் உதவிக்குக் கூட்டிப் போவது. அந்தத் தாளை மூன்று ஞாயிறு சட்டைப் பையில் கொண்டுபோய் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

நாலாவது ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மதுரா என்னை மல்வேர்னுக்குக் கொண்டுவந்து விட்டாள். இப்போது அவள் கார் ஓட்டுகிறாள், தெரியுமா? 401 நெடுஞ்சாலையில் ஓடும்போது கேட்கப் பயமாக இருந்தது. கார் நெடுஞ்சாலையை விட்டு வெளியே வந்ததும், "ரோல்ஸ் வாங்கவேணும், அந்தப் பிளாசாவில நிப்பாட்டு பிள்ளை" என்றேன். நிற்பாட்டினாள். நான் இறங்கவில்லை. தாளை எடுத்தேன்.

"மதுரா, நான் உன்ர பெரியப்பா."

"தெரியும் பெரியப்பா. ஏன், ஐடி காட்டப் போறியளோ?"

சிரித்தாள். நான் தாளில் அடுத்த வரியைப் பார்த்தேன். "செத்துப்போகவேணும் எண்டு உனக்கு எண்ணம் வாறதோ, பிள்ளை?" என்று கேட்டேன். எவ்வளவு முரட்டுத்தனமான கேள்வி! ஆனால் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

அவள் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி முன்னால் இருந்த பேக்கரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஓம்" என்றாள். "சம்டைம்ஸ். அண்ணாக்கு ஹார்ட் அற்றாக் எண்டு எல்லாரிட்டயும் சொல்லிச் சொல்லி... ஐம் ஸோ ரயேர்ட், பெரியப்பா. களைச்சுப் போனன்."

அதே சொல். உன் சொல்.

இந்த முறை நான் சாப்பிடச் சொல்லவில்லை. "சொல்லு, நான் இருக்கிறன்" என்றேன். அவள் சொன்னாள். நான் அழுதுவிட்டேன். (இதை நான் முதலில் எழுதவில்லை. மதுரா வாசித்துவிட்டு, "நீங்கள் அழுததைக் கட் பண்ணிப் போட்டியள்" என்று சேர்க்கச் சொன்னாள்.) அழுது முடிந்த பிறகு, நாலாவது குறிப்பின்படி, காரை அஜக்ஸுக்கே திருப்பச் சொன்னேன்.

நடந்ததைச் சொன்னதும் உன் அப்பா கத்தினான். "அண்ணை, உங்களுக்கு விசரோ? உதை ஏன் அவளின்ர தலைக்குள்ள போடுறியள்?"

நான் பதில் சொல்லுமுன் மதுரா சொன்னாள்: "அப்பா, பெரியப்பா போடேல்ல. அது ஒரு வருஷமா அங்கதான் இருக்கு. இண்டைக்குத்தான் ஒராள் கேட்டவர்."

உன் அம்மாதான் முதலில் எழும்பினாள். மதுராவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப எங்க போகவேணும், அத்தான்? சொல்லுங்கோ, வெளிக்கிடுவம்" என்றாள். ஒரு வருடமாக மூடிக் கிடந்த வீடு, ராசா. ஒரு கேள்வி கேட்க ஒரு வருடம்! நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் வருகிறது.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் மதுரா ஒரு ஆலோசகரிடம் போகிறாள். உன் அம்மாவும் நானும் அறைக்கு வெளியே காத்திருப்போம். உன் அப்பா காருக்குள் இருப்பான். போன வாரம் உள்ளே வந்து எங்கள் பக்கத்தில் இருந்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அவளுக்குக் கூடாத நாட்களும் வருகின்றன. அன்றைக்கு எங்களுக்குப் போன் எடுக்கிறாள். அதுதான் வித்தியாசம்.

உன் ஆண்டுத் திவசத்துக்குப் பத்திரிகை விளம்பரம் எழுதும்படி உன் அப்பா கேட்டான். "எங்கள் கஜன் மனவலி தாங்காமல் தன் உயிரை முடித்துக்கொண்டான். அவனை நாங்கள் கேட்கவில்லை. உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். அவன் அதைப் பத்து நாள் பைக்குள் வைத்திருந்தான். பிறகு, "நடு வசனம் சரியாச் சுடுது, அண்ணை" என்றான். எடுக்கச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையும் அவனிடம் வாசிக்கக் கொடுத்தேன். சம்மதம் என்று சொல்லவில்லை, தடுக்கவுமில்லை.

நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் முழு நம்பிக்கை இல்லை. எனக்கு எதிலும் முழு நம்பிக்கை வந்ததில்லை. ஆனால் இனி எந்த வீட்டுக்கும் அந்தப் பொய்யை எழுதித் தரமாட்டேன். உண்மையைப் போட விருப்பமில்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாக விடட்டும். கோபித்துக்கொண்டு வேறு ஆளைப் பிடித்தால் பிடிக்கட்டும்.

நேற்றும் செவ்வாய்க்கிழமை. வெளியே வந்த மதுரா என்னைப் பார்த்து, "என்ன பெரியப்பா, இண்டைக்கும் கேக்கப் போறியளோ?" என்றாள்.

"ஓம்."

"இண்டைக்கு நோ." கொஞ்சம் யோசித்தாள். "வடிவா நோ."

அடுத்த செவ்வாயும் கேட்பேன், கஜன். அதற்கு அடுத்ததும் கேட்பேன். உன்னிடம் கேட்காத கேள்வியை, எனக்கு முறை உள்ள ஒவ்வொரு பிள்ளையிடமும், பயந்துகொண்டென்றாலும், என் காலம் உள்ளவரை கேட்பேன்.

உன்னைக் கேட்காமல் விட்ட,
உன் பெரியப்பா