படகைத் தள்ளிய கை

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

திருநள்ளாறில் கல்யாணம். மாப்பிள்ளையின் பெரியப்பா குடும்பம் பரிசு கொடுக்க மேடையேறிய நேரத்தில் நான் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு ரகளை. "எங்க ஆளுங்க வீடியோவுல இல்லன்னா எப்படிம்மா?" அவர்களை மறுபடி மேடையேற்றி, வெறும் உறையைக் கொடுக்கச் சொல்லி எடுத்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் முதல் பாடமே இதுதான்: யாரையும் விடக்கூடாது. அழகாக எடுத்தாயா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். என் மூஞ்சி எங்கே என்றுதான் கேட்பார்கள்.

பந்தியில் உட்கார்ந்து ரசம் வாங்கும்போது மின்னஞ்சல் வந்தது. 'நண்டுவலை' தேர்வாகிவிட்டது. பெண் இயக்குநர்கள் பன்னாட்டுத் திரைப்பட விழா. வழக்கமாகப் புதுச்சேரியில் மட்டும் நடக்கும், இந்த வருடம் மாதக் கடைசியில் மூன்று நாள் காரைக்காலிலும். எத்தனையோ நாட்டுப் பெண்களின் படங்கள். காரைக்காலிலிருந்து ஒன்றே ஒன்று. அது என்னுடையது. தாமரைச்செல்வி, கல்யாண வீடியோக்காரி.

இரண்டு தடவை படித்தேன். ரசம் இலையைத் தாண்டி ஓடிவிட்டது.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர், "இனிமே நான் உங்ககிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டுத்தான் பேசணுமா?" என்றார். மாமியார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கடக்கரையில நண்டு புடிக்கிறதப் பாக்க வெளிநாட்டுலேருந்து வராங்களாக்கும்" என்றார். வரட்டுமே. வந்து பார்க்கட்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

காசியம்மா அக்காவிடம் நேரில் சொல்லிவிட்டு வந்தேன். கிளிஞ்சல்மேடு தாண்டிப் போனால் வரும் அந்தச் சின்னக் குப்பத்துக்கு, முகூர்த்தமில்லாத ஆடியிலும் மார்கழியிலும் மட்டுமே போய், இரண்டு வருடமாக எடுத்த படம். அக்காவின் புருஷன் இடுப்பு ஒடிந்து படுத்ததிலிருந்து அக்காதான் அவருடைய ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு நண்டுக்கு வலை விடப் போகிறார். தனியாக. பெண் படகில் ஏறக்கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. அதனால் ஊரில் ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. விடிந்த பிறகுதான் கிளம்புகிறார், எல்லோர் கண் முன்னாலும் திரும்பி வருகிறார், அவர் கொண்டுவரும் நண்டு ஏலத்தில் போகிறது. ஆனால் யாரும் பார்க்கவில்லை. அப்படியொரு ஏற்பாடு.

"வெள்ளக்காரங்க எல்லாம் பாப்பாங்களா?" என்று கேட்டார்.

"பாப்பாங்கக்கா."

"அப்ப நல்ல சேலையில எடுத்திருக்கலாம்ல."

பிப்ரவரி 13, வியாழன்

பேப்பரில் வந்துவிட்டது. விழாக்காரர்கள் கொடுத்த செய்தி. 'கடலுக்குப் போகும் காரைக்கால் பெண்.' குப்பத்தின் பெயரும் அக்காவின் பெயரும் கொட்டை எழுத்தில்.

ஊரார் பார்க்காமல் இருந்த ஒன்றை அச்சடித்து வீடு வீடாகப் போட்டாகிவிட்டது. இனி எப்படிப் பார்க்காமல் இருப்பார்கள்?

பிப்ரவரி 14, வெள்ளி

வந்துவிட்டார்கள். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் நெடுமாறன், கூட இரண்டு பேர். என் வீடியோ கடையில் இருப்பது இரண்டே நாற்காலி. அவர் உட்கார்ந்தார், மற்றவர்கள் மணமக்கள் ஆல்பங்களுக்கு நடுவில் நின்றார்கள்.

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சுலபமாகப் போயிருக்கும்.

"ஊருன்னா உள்ளுக்குள்ள ஆயிரம் இருக்கும்மா. எல்லாத்தயும் பேப்பர்ல போட்டா ஊரு ஊரா இருக்குமா?"

"அக்கா கடலுக்குப் போறது உங்களுக்குத் தெரியாதா தலைவரே?"

"தெரியும்னு நான் எங்க சொன்னேன்?"

எப்படி ஒரு பதில்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். படத்தைப் போடாதே என்று அவர் சொல்லவில்லையாம். தொடக்கத்தில் திரையில் ஒரு எழுத்து அட்டை போட்டுவிட வேண்டுமாம். இது கற்பனை, படம் எடுப்பதற்காகத்தான் காசியம்மா படகில் ஏறினாள், அதோடு சரி, என்று. போட்டுவிட்டால் கட்டுப்பாடும் நிற்கும், அவளும் நிம்மதியாக இருப்பாள். போடாவிட்டால் ஊரைக் கூட்ட வேண்டியிருக்கும். கூட்டினால் ஒதுக்கி வைப்பதைத் தவிர வழியில்லை. "அவ நண்ட ஒருத்தரும் ஏலத்துல தொடமாட்டாங்க. அந்தப் பாவம் உனக்கு எதுக்கும்மா? நீ கடக்கரை ஆளில்ல, பயிர்வேலைக் குடும்பத்துப் பொண்ணு. நாளைக்கு உன் வீட்டுக்குப் போயிடுவ."

போட மாட்டேன் என்றேன். மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை குரல் உடைந்தது. அதுதான் இப்போதும் உறுத்துகிறது. ஏன் உடையணும்? பொய் சொல்லச் சொன்னது அவங்க, தொண்டை அடைச்சது எனக்கா?

பிப்ரவரி 15, சனி

விழாக் குழுவிலிருந்து விஷ்ணுப்ரியா பேசினாள். பஞ்சாயத்தார் அங்கேயும் போன் போட்டிருக்கிறார்கள். "ஒரு கார்டுதானே மேடம். புகை பிடிக்காதீங்கன்னு எல்லாப் படத்துலயும் போடுறாங்க. அதனால படம் கெட்டா போச்சு?"

புகை பிடிக்கக்கூடாது என்பது உண்மை. இது பொய். இந்த வித்தியாசம் கூடத் தெரியாமல் பெண் இயக்குநர்களுக்கு விழா எடுக்கிறார்களே என்று கேட்டுவிட்டேன். "அப்ப படத்த லிஸ்ட்லேருந்து எடுத்துடலாமா?" என்றாள்.

மாட்டேன். போடறதுன்னா உள்ளபடி போடு. இல்லன்னா வாசல்ல திரையைக் கட்டி நானே போடுறேன்.

இரவுச் சாப்பாட்டில் வீட்டுக்காரர், "ஊரோடு ஒத்து வாழ்னு பெரியவங்க சும்மா சொல்லல செல்வி" என்றார். அந்த ஊரில் காசியம்மா அக்கா இல்லையா? அவருடன் யாராவது ஒத்து வாழ்ந்தார்களா? கேட்டேன். அவர் மோர் கேட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை.

அக்காவே சொல்லிவிட்டார். "அட்டையப் போட்டுடு செல்வி."

என்னால் நம்ப முடியவில்லை. ஏன்க்கா, ஏன்க்கா என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தேன். வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "உனக்குப் படம் முடிஞ்சி போச்சு. நான் நாளைக்கும் கடலுக்குப் போவணும்ல."

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவர் மேல் இல்லை. என் வீரத்துக்கு அவர் அடுப்பு அணைய வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வேன்?

சரி என்றேன். படத்தையாவது முழுசாகப் பாருங்கள் என்று லேப்டாப்பைத் திறந்தேன். அவர் புருஷன் படுத்தபடியே தலையைத் திருப்பிக்கொண்டார். கடல், வலை, அக்கா நண்டின் காலைக் கட்டுவது, எல்லாம் பேசாமல் பார்த்தார்கள். நடுவில் ஒரு இடம். மணலில் சிக்கிய படகில் அக்கா ஏறி உட்கார்ந்திருக்கிறார். பின்னாலிருந்து ஒருவர் வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கையாலும் படகை நெட்டித் தண்ணீரில் தள்ளுகிறார். பத்து நொடிகூட இருக்காது. முகத்தோடு சேர்த்து எடுத்திருக்கிறேன். யாரையும் விடக்கூடாது என்ற பழக்கம்.

தலைவர் நெடுமாறன்.

எடிட் செய்யும்போது நூறு தடவை பார்த்த காட்சிதான். உதவிக்கு வந்த ஒரு மனிதர், அவ்வளவுதான் என்று இருந்தேன். நேற்று முன்தினம் கடையில் உட்கார்ந்து என்னை மிரட்டியபோதுகூட உறைக்கவில்லை, அத்தனை பதற்றம். அவருக்கும் ஞாபகம் இருக்காது. தினம் யார் படகையாவது தள்ளுகிறவர்தானே. படத்தையும் அவர்கள் பார்க்கவில்லை, பேப்பரைத்தான் பார்த்தார்கள்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். புருஷனுக்குச் சிரித்து இடுப்பில் வலி வந்துவிட்டது.

"இத வெட்டணுமாக்கா?"

"அட்டைதான கேட்டாங்க. இத யாரு கேட்டா?"

பிப்ரவரி 18, செவ்வாய்

தலைவரைப் போய்ப் பார்த்தேன். அட்டை போடுகிறேன் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது, டீ வாங்கிக் கொடுத்தார். வாசகத்தை நீங்களே சொல்லுங்கள், ஒரு எழுத்து மாற்றாமல் போடுகிறேன் என்றேன். சொன்னார். எழுதிக்கொண்டேன்.

"யார் சொல்றதுன்னு கீழ பேரு போடணுமே தலைவரே. மொட்டையா இருந்தா மதிப்பு இருக்காது."

துண்டைச் சரிசெய்துகொண்டார். "நெடுமாறன்னு போடு. ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்னு அடியில போடு. போட்டோ வேணுமா?"

வேணும் என்றேன். நான் நல்லவள் இல்லை. பரவாயில்லை.

பிப்ரவரி 19, புதன்

அட்டை தயார். கல்யாண வீடியோவின் தொடக்கத்துக்கு வைத்திருக்கும் டெம்ப்ளேட்டிலேயே செய்துவிட்டேன். மேலிருந்து ரோஜா இதழ்கள் உதிரும், இரண்டு கிளிகள் பறந்து வந்து ரிப்பனைப் பிடிக்கும், ரிப்பனில் எழுத்து வரும். 'இப்படத்தில் வருவன யாவும் கற்பனையே. காசியம்மா என்பவர் படப்பிடிப்புக்காக மட்டுமே படகில் ஏறினார்.' அடியில் வட்டத்துக்குள் தலைவர் படம், கைகூப்பியபடி. பின்னணியில் நாதஸ்வரம்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இது ரொம்ப ஓவரு" என்றார். ஆனால் மறுபடி போடச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தார்.

பிப்ரவரி 28, வெள்ளி

விழா தொடங்கியது. ஜார்ஜியாவிலிருந்து ஒரு படம், டிராம் ஓட்டும் பெண். பாஷை புரியவில்லை, ஆனால் அவள் மாமியாரிடம் பேசாமல் தட்டை வைக்கும் சத்தம் எனக்கு அப்படியே புரிந்தது. செனகலிலிருந்து ஒரு இயக்குநர் வந்திருக்கிறார், நெடுநெடுவென்று உயரம். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து அவரிடம் பிரெஞ்சில் பேசியே மாலையை முடித்துவிட்டார். இத்தனை பெண்களும் இத்தனை ஊரிலும் யாரிடமோ 'மாட்டேன்' என்று சொல்லித்தான் இங்கே வந்து சேர்ந்திருப்பார்கள். மனசு நிமிர்ந்தது.

நாளை என் படம்.

மார்ச் 1, சனி

எதிலிருந்து தொடங்க?

குப்பத்திலிருந்து ஆட்கள் வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். பிறகு அட்டையில் தன் படமே வருகிறது என்றானதும் தலைவரே வேன் பிடித்துவிட்டார். மீன் விற்கும் பெண்கள் வியாபாரம் முடித்து, கூடைகளை அரங்க வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்கள். தலைவர் முதல் வரிசை. காசியம்மா அக்கா நல்ல சேலையில்.

நாதஸ்வரம் வந்தது. ரோஜா உதிர்ந்தது. மாரிக்கண்ணு என்ற அக்கா, ஏலத்தில் குரலாலேயே ஆளை விரட்டுகிறவர், எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். "யா-வும் கற்-ப-னையே." பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் திரும்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

அப்புறம் கடல். அக்கா வலை இழுக்கும்போது குப்பத்து ஆட்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் தினம் பார்க்கிற காட்சி. இன்றைக்குத்தான் பார்க்கலாம் என்று அனுமதி.

அந்த இடம் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டியது, குனிந்தது, தள்ளியது. திரையில் பத்தடி உயரத்துக்கு அவர் முகம்.

"ஏய், தலைவரு."

சொன்னது மாரிக்கண்ணு அக்காதான். பிறகு ஒருவர் சொன்னது ஒருவருக்குக் கேட்கவில்லை. சீட்டைத் தட்டிச் சிரித்தார்கள், முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூடவே பயமும்தான்.

முடிந்ததும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். செனகல் இயக்குநர் கேட்டதை விஷ்ணுப்ரியா தமிழில் சொன்னாள்: எல்லாம் கற்பனை என்று போட்டிருக்கிறீர்கள், இவ்வளவு இயல்பாக நடிக்க எத்தனை நாள் பயிற்சி எடுத்தீர்கள்?

அக்கா மைக்கை வாங்கி முதல் வரிசையைப் பார்த்தார். "நான் என்னத்தச் சொல்ல? தலைவரு பேரு போட்டுல்ல சொல்லியிருக்காரு. அவருகிட்டயே கேளுங்க."

மைக் தலைவரிடம் போனது. எழுந்து நின்றார். மைக்கை அப்படியே பக்கத்துச் சீட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் 2, ஞாயிறு

நாளை மறுநாள் ஊரைக் கூட்டுகிறார்களாம்.

மார்ச் 4, செவ்வாய்

மதியம் அக்கா போன் செய்தார்.

கூட்டத்தில் பெண்கள் உட்காரக்கூடாது. அதனால் வெளியே நின்றிருக்கிறார்கள், எல்லோரும், ஏலத்துக்குப் போகாமல். மீன் கரையில் வெயிலில் கிடந்திருக்கிறது. உள்ளே ஒருவர் எழுந்து, கட்டுப்பாட்டை மீறியவளுக்கு அபராதம் போட்டு ஒதுக்கி வைக்கணும் என்றாராம். வெளியிலிருந்து மாரிக்கண்ணு அக்கா குரல்: "போடுங்க. ஏறுனவளுக்கும் போடுங்க, தள்ளுனவருக்கும் போடுங்க. ரெண்டு பேரயும் ஒண்ணாவே ஒதுக்கி வைங்க."

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாராம். பிறகு, "மீனு கெடுது. போயி ஏலத்தப் பாருங்க" என்று எழுந்துவிட்டாராம்.

"அப்ப என்ன முடிவுக்கா?"

"அதான் முடிவு."

மார்ச் 12, புதன்

மாசி மகம். கடற்கரைத் திருவிழாக் கூட்டத்தில் தலைவரைப் பார்த்தேன். என்னைப் பார்க்காத மாதிரி போனார். அந்த ஊரில் அது ஒரு கலை.

மார்ச் 20, வியாழன்

செனகல் இயக்குநர் தன் ஊர் விழாவுக்கு 'நண்டுவலை'யை அனுப்பச் சொல்லியிருக்கிறார். அட்டையோடு அனுப்புவதா, அட்டை இல்லாமலா? அக்காவைக் கேட்டேன். "என்னைய ஏன் கேக்குற, பேரு போட்டவர கேளு" என்று வைத்துவிட்டார். படகில் இருந்தார், இன்ஜின் சத்தம் கேட்டது.

தலைவருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். திட்டப் போகிறார் என்று காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

"அட்டைய எடுத்துடும்மா" என்றார்.

"நீங்க தள்ளுறது?"

"அது கெடக்கட்டும்." பிறகு, "பூவெல்லாம் நல்லாத்தான் விழுந்துச்சு" என்றார்.

எடுத்துவிட்டேன். இப்போது படம் நேராகத் தண்ணீரில் தொடங்குகிறது.