சூன் பாண் விசிலும் கராம்பு வாசமும்

அண்ணே,

ரத்தோட்டை வளைவில் உன் பைக் மழையில் சறுக்கி நீ போய்விட்ட பிறகு, உன் நீலச் சட்டையை யாரையும் தொட விடாமல் வைத்திருந்த அம்மா, இன்றைக்குத்தான் துவைக்கச் சொல்லிக் கொடுத்தார். பையின் மூலையில் கராம்பு கிடந்தது. எடுத்துக் கடித்தேன். நாக்கு மரத்துப்போனது. "இந்த வீட்டுல ஒன் நாக்க அடக்கின மொத ஆளு கராம்புதான்" என்று நீ சொல்லியிருப்பாய்.

முன்பு உனக்கு வேறு வாசம். ஃபோனுக்குக் காசு போடும் கொமினிகேஷன் கடை வேலையிலிருந்து வந்ததும் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் மிளகுக்கொடி ஏறிய பலாமரத்தடிக்குப் போய்ப் பற்றவைப்பாய். காவல் நான். அப்பா வந்தால், பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்க வரும் ஆட்டோவின் மெட்டை விசிலடிக்க வேண்டும். சூன் பாண் வண்டி எங்கள் தோட்டத்தில் எந்த நேரமும் சுற்றும், சந்தேகம் வராது. ஒருநாள் யாருமே வராதபோது சும்மா விசிலடித்தேன். நீ பதறி சிகரெட்டைக் கோழிக்கு வைத்த தண்ணீரில் போட்டாய். உள்ளேயிருந்து அப்பா, "புள்ள, பாண்காரன நிப்பாட்டு, மாலுபாண் வாங்கணும்" என்றார். மீன் வைத்த அந்த பன் என்றால் அவருக்கு உயிர். "குட்டிச்சாத்தானே, ஒனக்கு இருக்கு" என்று நீ இருமி இருமிச் சிரித்தாய்.

புகை உனக்கு. அந்த நேரம் எனக்கு. கடைக்கு வந்தவர்கள் கதை, என் வகுப்புக் கதை எல்லாம் அங்கேதான்.

பிறகு வந்தது அந்தக் குழு. சிகரெட்டை விட நினைக்கும் இளசுகளுக்காக ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் வட்ஸ்அப்பில் தொடங்கியது. ஆசை கிளம்பினால் 'வருது' என்று போட வேண்டும். பார்த்தவர் யாராவது அது அடங்கும்வரை பேச்சுக் கொடுக்க வேண்டும். நீ கராம்பைக் கடித்துக்கொண்டு ஃபோனோடு குடித்தனம் நடத்தினாய். பலாமரத்தடிக்கு வரவே இல்லை. நீ புகையை விட்டாய், எனக்குப் புகையத் தொடங்கியது.

"என்னா, பாண்காரிக்கு வேல போச்சா?" என்று கேட்டாய்.

"பென்ஷன் குடுப்பியா?" என்றேன். சிரித்துவிட்டு மறுபடியும் ஃபோனுக்குள் போய்விட்டாய்.

குழுவில் இருந்த உக்குவளைக்காரன் அண்ணன் முறையில் உன்னை 'நானா' என்றான். லக்கலக்காரன் அதையே சிங்களத்தில் 'அய்யே' என்றான். எனக்கு மட்டும் இருந்த அண்ணனை ஊரே பங்கு போட்டது. லக்கலக்காரனுக்குப் பாறை மேல் ஏறினால்தான் சிக்னல். அவனுக்குக்கூட உடனே பதில் போட்டாய். ஒரே வீட்டில் இருந்த எனக்குத்தான் சிக்னல் இல்லை.

இப்போது உன் ஃபோன் என்னிடம். போன வாரம் மத்தியானம் உக்குவளைக்காரன் குழுவில் 'வருது' என்று போட்டான். "கடை முன்னால நிக்கிறேன். வாங்கிட்டேன். நானா போன பிறகு ஏலாம இருக்கு." ஒருவரும் பதில் போடவில்லை. பற்றவைக்கட்டும், என் அண்ணனைப் பறித்தவன்தானே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனாலும் விரல் சும்மா இருக்கவில்லை.

"பத்தவச்சிட்டீங்களா?"

"இல்ல. இது நானாட நம்பராச்சே. நீங்க யாரு?"

"தங்கச்சி."

"பாண் விசிலா?"

திடுக்கிட்டுப் போனேன். அவனே தொடர்ந்தான். "நானா சொல்லியிருக்காரு. சிகரெட்ட விடுறது லேசாம். மரத்தடியில தங்கச்சியோட நிக்கிற நேரத்த விடுறதுதான் ஏலாதாம். அங்க வந்து நின்னா பத்தவச்சிருவேன்னு பயமாம்."

இதை என்னிடம் சொல்லியிருக்கலாமே, அண்ணே? வீட்டில் என்னை வைத்துக்கொண்டு, உக்குவளையில் இருப்பவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாய். அவன் சிகரெட்டைப் பற்றவைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அந்த எரிச்சலோடே மாலுபாண் கதையை எழுதினேன். விசிலைக் குரல்பதிவாக அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது, சாக்கடைக் கானில் மிதக்கும் சிகரெட். "கோழிக்கு இல்ல, கானுக்குப் போட்டேன்" என்று கீழே எழுதியிருந்தான். நீ சிரித்திருப்பாய். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டாய்.

பொறாமை போய்விடவில்லை. இருமாத நாட்களின் நீ அவர்களிடம், இருமிய நீ என்னிடம். பங்கு சரியில்லை.

இன்று பின்னேரம் உன் கராம்பின் மீதியோடு பலாமரத்தடிக்குப் போனேன். நான் ஒருநாளும் சிகரெட் பிடித்ததில்லை. ஆனாலும் குழுவில் 'வருது' என்று போட்டேன்.

"பேசுங்க தங்கச்சி" என்று உக்குவளைக்காரன் உடனே வந்தான். பின்னாலேயே லக்கலக்காரன், பாறை மேல் ஏறியிருப்பான் போல, "சொல்லு நங்கி" என்று சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்தான்.

எனக்கு வந்தது இன்னும் அடங்கவில்லை, அண்ணே. அடங்கும்வரை அவர்கள் விட மாட்டார்களாம்.