குங்குமப்பூ மேல் போட்ட பழி

இன்று மத்தியானம் ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டுக்குள் நுழைந்ததுமே குங்குமப்பூ போட்ட பாலின் வாசனை. உன் கொழுந்தன் மனைவி முழுகாமல் இருக்கிறாள். உன் மாமியார் அவளிடம் டம்ளரை நீட்டிக்கொண்டே, "அளவாக் குடிம்மா. கல்யாணியோட அம்மா ஆசைப்பட்டுக் குடிச்சுக் குடிச்சுத்தான் இவ இப்படிப் பொறந்தா" என்றார். பக்கத்திலேயே உன் மகள் கல்யாணி, முற்றத்து வெளிச்சம் கூசக் கண்ணை இடுக்கிக்கொண்டு, வெள்ளைத் தலையைக் குனிந்து நின்றாள். நீ கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆசைப்பட்டா குடித்தாய்? பேரக்குழந்தை சிவப்பாக வேண்டும் என்று தினமும் காய்ச்சிக் கொடுத்தவர் அவர்தானே! குழந்தை தலைமுடி முதல் வெளுத்துப் பிறந்ததும் பழி மட்டும் உன் தலையில்.

நாம் வேலை பார்த்துச் சிநேகிதிகளான கல்லூரியின் லேபில் நீ மாணவிகளுக்கு வாழைக்காய் நறுக்கிக் காட்டுவாய். சும்மா வைத்த துண்டு கறுக்கும். கொதிநீரில் போட்டெடுத்தது வெளுப்பாகவே கிடக்கும். "கறுக்க வைக்கிற நொதி வெந்துபோச்சு. நம்ம தோல்லயும் இந்த ஜாதி நொதிதான் வேலை செய்யுது" என்பாய். தோலின் செல்லுக்குள் டைரோசினேஸ் என்ற அந்த நொதி தொடங்கி வைத்தால்தான் மெலனின் என்ற நிறம் உண்டாகும். துணைக்கு இன்னும் இரண்டு நொதிகள் ஒட்டி நின்று, ஒன்றையொன்று தாங்கிப் பிடித்து, வேலையை முடிக்கின்றன என்று இப்போது சொல்கிறார்கள். அதைக் கேட்க நீ இல்லை. கல்யாணிக்கு முதல் நொதியே வேலை செய்யவில்லை. மற்ற இரண்டும் என்ன செய்யும்?

வகுப்பு வகுப்பாக விளக்கியவள் வீட்டில் வாயே திறக்கவில்லை. கேட்டால், "எங்க அத்தைக்கு இதெல்லாம் ஏறாதுடி, விடு" என்பாய்.

நான் இன்று விடவில்லை. "பாலும் இல்லை, பூவும் இல்லைம்மா. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டேருந்தும் இதுக்கான ஜீன் வந்தாத்தான் குழந்தை இப்படிப் பிறக்கும். அவ உங்க அண்ணன் பொண்ணு, கட்டினது உங்க பையன். ரெண்டு பேருக்குமே உங்க பிறந்த வீட்டு ரத்தம்தானே? இதுல யார் தப்பும் இல்லை" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பஸ் ஏறக் கிளம்பியபோது கல்யாணி தெருமுனை வரை கூடவே வந்தாள். "பெரியம்மா, அப்போ அம்மா தப்பு எதுவும் பண்ணலையா?"

பத்து வயதுப் பெண். இத்தனை நாளும் இதை மனதிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

"இல்லடா கண்ணு" என்றேன். மன்னார்புரம் வந்து சேரும்வரை எனக்கு ஆறவில்லை. அத்தைக்கு ஏறாது, சரி. இவளுக்குமா ஏறாது? ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.