வலது பக்கத்து மஞ்சள் விளக்கு

அன்புள்ள மாமா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியைக்கூடத் திருத்த மாட்டேன். சொல்ல வேண்டியதை மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டவள் நான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை உங்கள் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தோம். செங்கோட்டைக்காரர் ஒருவர் அதை வாங்கிக்கொள்கிறார். மெக்கானிக் பாய் வந்து பெட்ரோல் ஊற்றி உதைத்தார். நாலாவது உதையில் வண்டி கிளம்பியது. அந்தப் புகை வாசனை அடுப்படி வரைக்கும் வந்ததும் அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எனக்கு விடிகாலைத் தென்காசி ஸ்டேஷன் ஞாபகம் வந்தது.

குற்றாலத்து லாட்ஜ்களுக்குப் போட, ரயிலில் வந்து இறங்கும் பத்திரிகைக் கட்டுகளை நீங்கள் மெழுகுத் துணியில் சுற்றி டாங்கின் மேல் வைத்துக் கட்டுவீர்கள். வெள்ளிக்கிழமை வரும் வாரப் பத்திரிகைக் கட்டு மட்டும் என் மடியில் இருக்கும். அதன் நுனியை மெல்லப் பிரித்து, வழியில் மேலகரம் தாண்டுவதற்குள் தொடர்கதையை வாசித்துவிடுவேன். ஊரில் வேறு யாரும் வாசிப்பதற்கு முன்னால் நான் வாசிக்கிறேன் என்பதில் எனக்கு அவ்வளவு கர்வம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு, இந்த வாரம் என்ன ஆச்சு என்று கெஞ்சுவார்கள்.

நான் உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்தது வாசிப்பதற்காக அல்ல. சின்ன வயதில் கிணற்றில் குதித்தபோது சுவரில் இடித்து உடைந்த உங்கள் வலது தோள் கோணலாகக் கூடிவிட்டது. கைப்பிடியைப் பிடிக்க வரும். பக்கவாட்டில் நீட்ட வராது. சீசன் நேரத்தில் குற்றாலத்து ரோட்டில் கார்கள் அதிகம். நீங்கள் கை காட்டாமல் திரும்பினீர்கள் என்று ஒருநாள் போலீஸ்காரர் நிறுத்தி, இனிமேல் இப்படி ஓட்டினால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவேன் என்றார். வண்டி இல்லாமல் அந்த வேலை நடக்காது. அந்த வேலை இல்லாவிட்டால் உங்களுக்கு வேறு வேலை தெரியாது. அதனால் பதினோரு வயதில் நான் உங்கள் வலது கை ஆனேன். நீங்கள் முதுகை லேசாக அசைத்தால் கையை நீட்ட வேண்டும். பேசிக்கொள்ளவே வேண்டியதில்லை.

இரண்டு வருடம் அப்படிப் போனது. பிறகு நான் தாவணி போட்டேன். அன்று சாயங்காலமே அம்மா உங்களிடம் பேசினாள்.

"ஏலே தம்பி, தாவணி போட்ட பிள்ள நடுரோட்டுல கையை நீட்டிக்கிட்டுப் போனா நாலு பேரு என்ன பேசுவாங்க? நீ வேற வழி பாத்துக்கோ."

மதுரைக்குப் போய், உடைத்த கார் ஒன்றிலிருந்து கழற்றிய நான்கு மஞ்சள் விளக்குகளை வாங்கி வந்தீர்கள். பாய் நம் வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து அவற்றைப் பொருத்தினார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. விளக்கை விட்டு விட்டு எரிய வைக்கும் சின்ன டப்பி ஒன்று, இடது கைப்பிடியில் ஒரு ஸ்விட்ச். வயர்கள் எல்லாம் ஒரே கறுப்பு நிறம். அடையாளத்துக்காக வலது பக்க வயர்களில் சிவப்பு நூலும் இடது பக்கத்தில் வெள்ளை நூலும் கட்டியது நான்தான். என்னை அனுப்பிவிடப் போகிற விளக்குகளுக்கு நானே நூல் கட்டினேன்.

அந்த ஸ்விட்ச் தானாக நடுவுக்கு வராது. திரும்பியதும் நாம்தான் அணைக்க வேண்டும். நீங்கள் மறந்துவிடுவீர்கள். அண்ணாச்சி தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் வலது பக்கமே திரும்பிக்கிட்டு வாராரு என்று டீக்கடைக்காரர் சொல்லிச் சிரித்ததை நீங்களே வீட்டில் வந்து சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தோம். நான் பின்னால் இருந்திருந்தால் முதுகில் தட்டி, "மாமா, அணைங்க" என்றிருப்பேன் என நினைத்துக்கொண்டேன்.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். விளக்கு பொருத்தியதற்கு அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின சாயங்காலம், சீட்டுக்கு அடியில் சிவப்பு நூல் கட்டிய பின்விளக்கு வயரை நான் உருவினேன். விளக்கு எரியவில்லை என்றால் என்னைக் கூட்டிக்கொண்டு போவீர்கள் என்பது என் கணக்கு.

காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு நீங்கள் கூப்பிட்டீர்கள். "மருமவளே, பின்னால எரியுதா பாரு."

எரியவில்லை. முன்விளக்கு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்லத்தான் வந்தேன். அம்மா வாசலில் நின்றாள். இல்லை என்றால் உடனே பாயைக் கூப்பிடுவார்கள், அவர் சீட்டைத் தூக்கிப் பார்ப்பார் என்று அந்த நிமிஷத்தில்தான் தோன்றியது.

"எரியுது மாமா" என்றேன்.

வயரை உருவியதைவிட அந்த ஒரு சொல்தான் பெரிய தப்பு. நீங்கள் கிளம்பிப் போனீர்கள். பின்னாலேயே ஓடி வந்திருக்கலாம். தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எட்டு மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். முழங்கால் தோல் உரிந்து, வேட்டியெல்லாம் சேறு. குற்றாலத்தில் லாட்ஜ் தெருவுக்கு வலது பக்கம் திரும்பியபோது பின்னால் வந்த கார் உரசித் தள்ளியிருக்கிறது. பத்திரிகையெல்லாம் சாரலில் நனைந்து ரோடு முழுக்கப் பரந்துவிட்டதாம். பழக்கடைக்காரர்கள்தான் பொறுக்கிக் கொடுத்தார்களாம். விளக்கு ஏன் எரியவில்லை என்று அம்மா கேட்டாள். நீங்கள் முழங்காலைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னீர்கள்.

"எலி வயரைக் கடிச்சிருக்குக்கா."

அம்மா அன்றே வண்டிக்கு அடியில் எலிப்பொறி வைத்தாள். சுட்ட தேங்காய்த் துண்டு ஒன்று அதில் தொங்கியது. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். நாலாம் நாள் ஒரு மூஞ்சூறு மாட்டியது. அம்மா வெற்றியோடு தூக்கிக் காட்டினாள். நீங்கள் குனிந்து அதை நன்றாகப் பார்த்தீர்கள்.

"இது இல்லக்கா. இது வேற ஆளு" என்று சொல்லி, தோட்டத்தில் கொண்டுபோய்த் திறந்துவிட்டீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றே மூன்று வருடம் நம்பியிருந்தேன்.

போன கார்த்திகையில் காமாலை முற்றிப் படுத்திருந்தீர்கள். தினமும் நான் பத்திரிகை வாசித்துக் காட்டுவேன். ஒருநாள் நடுவில் நிறுத்தி, "மாமா, அந்த வயரு" என்று ஆரம்பித்தேன். நீங்கள் கண்ணை மூடியபடி, "வாசி மருமவளே, வாசி" என்றீர்கள். காதில் விழவில்லை என்று எண்ணி மேலே வாசித்தேன். அடுத்த வாரம் நீங்கள் இல்லை.

இன்று பாய் சீட்டைக் கழற்றி வயர்களைச் சரிபார்த்தார். சிவப்பு நூல் கறுத்துப்போய் இன்னும் கட்டியபடியே இருந்தது. செங்கோட்டைக்காரர் வீட்டுக்குள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். பாய் என்னைப் பார்க்காமல், நூலைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"எலி கடிச்சா வயரு பல்லுப் பல்லா இருக்கும்மா. அன்னைக்கு வந்தது திருகாணியை இளக்கி, வயரை உருவி, திருகாணியைத் திரும்ப இறுக்கி வச்ச எலி. இவ்வளவு ஒழுங்கான எலியை நான் பாத்ததே இல்ல."

எந்தப் பொருளை எடுத்தாலும் இருந்தபடியே திரும்ப வைப்பது என் பழக்கம். உருவின கையோடு திருகாணியையும் முறுக்கி வைத்திருக்கிறேன்.

நீங்கள் விழுந்த அன்றே இதை அவர் உங்களிடம் காட்டினாராம். நீங்கள் அப்போது சொன்னதை அவர் அப்படியே சொன்னார்.

"பாய், அது படிக்கிற எலி. வெள்ளிக்கிழம பத்திரிகை அதுக்கு இல்லாமப் போச்சுல்லா. அத நான் யோசிக்கவே இல்ல பாத்தீரா. வீட்டுல சொல்லிராதேயும்."

மாமா, அப்போதுதான் எனக்கு உங்கள் வெள்ளிக்கிழமைக் காப்பி விளங்கியது. அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஸ்டேஷனிலிருந்து நேரே குற்றாலம் போகாமல் நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வாரப் பத்திரிகைக் கட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டு அம்மாவிடம் காப்பி கேட்பீர்கள். கொதிக்கக் கொதிக்க நின்றபடியே குடிக்கிறவர், அன்று மட்டும் டம்ளரைக் கீழே வைத்து, "ரொம்பச் சூடா இருக்கு, ஆறட்டும்" என்பீர்கள். அம்மா முணுமுணுப்பாள். லாட்ஜ்காரர்கள் பத்திரிகை பிந்துகிறது என்று குறைபடுவார்கள். நான் தொடர்கதையை முடித்துக் கட்டின் நுனியை மடித்துவைக்கிற வரைக்கும் அந்தக் காப்பி ஆறிக்கொண்டே இருக்கும். நான் நிமிர்ந்ததும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துவிடுவீர்கள். இரண்டு வருடத்துக்கு மேல் ஆறிப்போன காப்பியையே குடித்திருக்கிறீர்கள்.

கேட்டிருந்தால் அழுது ஒப்புக்கொண்டிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. உரிந்த முழங்காலோடு நின்ற நீங்கள், எனக்கு என்ன போயிற்று என்று யோசித்திருக்கிறீர்கள். உங்களுக்குக் கைகொடுக்கும் ஆளாக இருந்தேன் என்று இத்தனை நாளும் பெருமைப்பட்டேன். அந்தக் கை ஒருநாள் உங்களைத் தள்ளிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்கு முன்பே மன்னித்துவிட்டுப் போனவரிடம் இனி என்ன கேட்பது? வயரை உருவியது நான். எரியாத விளக்கை எரிகிறது என்று சொன்னதும் நான். இன்று மத்தியானம் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள், "அந்த மூஞ்சூறைப் போட்டு அடிக்கப் பாத்தேனேட்டி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் போகும்போது வலது பக்கம் திரும்பும் இடங்களில் இன்னும் என் கை தானாகவே நீள்கிறது. பக்கத்தில் வரும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் விடப்போவதில்லை.

வண்டி கிளம்பும்போது செங்கோட்டைக்காரர் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, பின்னால் எரிகிறதா என்று கேட்டார். நான் போய்க் குனிந்து, விளக்கின் கண்ணாடிக்குப் பக்கத்தில் கை வைத்து, நாலு தடவை மின்னும் வரைக்கும் பார்த்தேன்.

"எரியுது" என்றேன். உண்மையாகவே எரிந்தது.

தெருமுனையில் அவர் வலது பக்கம் திரும்பினார். திரும்பிய பிறகும் மஞ்சள் விளக்கு, உங்களிடம் இருந்தபோது போலவே, மின்னிக்கொண்டே போனது. அணைங்க என்று கத்தலாமா என நினைத்தேன். அதற்குள் அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. விளக்கு அணைந்தது.