ஈர வாடை

மார்ச் 3, செவ்வாய்

பஸ்ஸிலிருந்து இறங்கி கிளினிக் வாசலை மிதிப்பதற்குள் இன்றும் முதுகு நனைந்துவிட்டது. நடந்தது ஒரே ஒரு தெரு. பதினான்கு வருஷம் வெளிநாட்டுப் பனியில் கோட்டு மாட்டிக்கொண்டு அலைந்த உடம்பு, இந்த ஊர்க் காற்றைக் காற்று என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. வெந்நீர்ப் பானையைத் திறந்து முகத்தை உள்ளே விட்டது போல இருக்கிறது.

பேச்சு வராத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்க, தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். ஆசைப்பட்டு வந்தேன். "வெயில் என்ன புலியா, சிங்கமா?" என்று இவரிடம் ஜம்பம் அடித்ததும் நான்தான். இப்போது தினமும் காலையில் கிளினிக் கழிவறையில், கை உலர்த்தும் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கிறேன். இன்று யாரோ கதவைத் தட்டினார்கள். மூச்சு விடாமல் இருந்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

குருவி வரும் நாள். ஆறு வயது. அது அவள் பெயர் இல்லை. நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டு உட்காருவதைப் பார்த்து நான் வைத்தது. வீட்டில் அம்மாவிடம் வாய் ஓயாது. வாசலைத் தாண்டினால் ஒரு சத்தம் வராது. பள்ளிக்கூடத்தில் இதுவரை ஒரு சொல் பேசியதில்லை. என்னிடம் முதலில் தலையாட்டினாள். இப்போது காதோடு ஒற்றைச் சொல்: "பூனை", "சிவப்பு", "இல்ல".

"முழுசா எப்ப மேடம் பேசுவா?" என்றார் அவள் அம்மா.

"அதையே நெனச்சுட்டு இருக்காதீங்கம்மா. ஒருநாள் பேசுவா. அப்ப கைதட்டவும் கூடாது, அதிர்ச்சியாகவும் கூடாது. இதென்ன பெரிய விஷயம்ங்கிற மாதிரி இருக்கணும். உங்க மூஞ்சியத்தான் அவ பாத்துட்டு இருப்பா."

எவ்வளவு நிதானமாகச் சொன்னேன்.

மார்ச் 9, திங்கள்

பருவம் தப்பி விடாத மழை. ஜன்னல்களைச் சாத்திவிட்டு அறைக்குள்ளேயே கொடி கட்டித் துணி போட்டேன். அங்கேயும் அப்படித்தானே செய்வோம்.

மார்ச் 12, வியாழன்

குருவி முழுதாகப் பேசிவிட்டாள்.

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

இருவரும் படப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கம் திருப்பக் குனிந்தேன். அவள் மூக்கைச் சுருக்கினாள். பிறகு கணீரென்று — அப்படி ஒரு குரல் அவளுக்கு இருப்பதே எனக்குத் தெரியாது — சொன்னாள்:

"உங்க மேல ஈரத்துணி நாத்தம் அடிக்குது."

ஒரு சொல் குறையாத வாக்கியம். இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பியிருக்க வேண்டும். நான் துள்ளி எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. என் முகம் எப்படிப் போயிற்றோ. மூலையில் இருந்த அவள் அம்மா "சீ, வாய மூடு!" என்று ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினார். நான் தடுக்கவில்லை. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். அவர்கள் கிளம்பிப் போகும்வரை கழிவறையை விட்டு வெளியே வரவில்லை.

ஆறு வயசுப் புள்ள. அது வாயப் பொத்துறாங்க. நான் பாத்துட்டு ஓடிட்டேன். நான்லாம் தெரபிஸ்ட்டா?

மார்ச் 13, வெள்ளி

இவர் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போகாமல், கதவருகிலேயே நின்று கேட்டேன்.

"என் மேல வாடை வருதா?"

ஆற்றுவதை அவர் நிறுத்தவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

"லேசா."

"எத்தன நாளா?"

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து. நீ இல்லம்மா, உன் துணிதான்."

"உங்க சட்டையில வரலையே?"

தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் லாண்டரில குடுத்துடறேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தாங்குவியா?"

கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் போன பிறகு அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். கறுப்புச் சுடிதாரின் தோளில் சாம்பல் தூவினாற்போல் பூஞ்சை. ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். மக்கின வாடை. இதன் மேல்தான் தினமும் சென்ட் அடித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

மீட்டிங்கில் என் பக்கத்து ஜன்னலை, கிளினிக்கை நடத்தும் டாக்டரம்மா எழுந்து போய்த் திறந்தது, பஸ்ஸில் ஒரு பெண் இடம் மாறி உட்கார்ந்தது, லிஃப்ட்டில் பேச்சு சட்டென்று நின்றது — எதெதற்கோ நானாகக் காரணம் கற்பித்து வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் இந்த அலமாரிக்குள் இருந்திருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

காய்ச்சல் என்று லீவு சொன்னேன். காய்ச்சல் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

இன்றும் இல்லை.

மார்ச் 18, புதன்

வேலைக்குப் போனேன். துணிகளை லாண்டரியில் வெந்நீரில் போட்டு வாங்கியாயிற்று, வாடை இல்லை என்று இவர் சத்தியம் செய்கிறார். இருந்தும் எல்லோரிடமிருந்தும் இரண்டடி தள்ளியே நின்றேன்.

நாளை குருவி வருவாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு எதிரே உட்காருவது? டாக்டரம்மாவிடம் போய், "அந்தப் பொண்ண வேற யாராவது பாக்கட்டும் டாக்டர்" என்றேன்.

"ஏன், நல்லாத்தானே வந்துட்டு இருந்தா?"

"எங்கிட்ட அவளுக்கு ஒத்துவரல."

அவளுக்கு! வாய் கூசாமல் ஒரு குழந்தை மேல் பழியைப் போட்டுவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சாப்பிட்டும் விட்டேன்.

மார்ச் 26, வியாழன்

டாக்டரம்மா அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

குருவி இப்போது வீட்டிலும் பேசுவதில்லையாம். அன்றிலிருந்து அம்மாவிடமும் ஜாடைதான். புதுப் பயிற்சியாளரிடம் வந்தவள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரவே இல்லையாம்.

"அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?"

ஒன்று விடாமல் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், அல்லது கத்துவார் என்று. இரண்டும் இல்லை. பேனாவை மூடி வைத்தார்.

"வாடை எனக்கும் தெரிஞ்சுது. எப்படிச் சொல்றதுன்னு தயங்கித் தயங்கியே விட்டுட்டேன். அது என் தப்பு. ஆனா இது உன் தப்பு. போய் அந்தப் புள்ளையப் பாரு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத. அவகிட்ட சொல்லு."

பேசத் தெரிந்த குழந்தையை ஊமையாக்கிவிட்டு வந்திருக்கிறேன். படித்த படிப்பெல்லாம் எதற்கு?

மார்ச் 28, சனி

குருவியின் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. போய் நின்றபோது தலைமுடியிலிருந்து வேர்வை சொட்டியது. இப்படியேவா போய் நிற்பது என்று ஒரு படி கீழே இறங்கினேன். பிறகு மணியை அடித்துவிட்டேன்.

கதவைத் திறந்ததுமே அவள் அம்மா, "மன்னிச்சிடுங்க மேடம், புள்ள தெரியாம..." என்று ஆரம்பித்தார்.

"ஐயோ, நீங்க ஏம்மா? உள்ள வரட்டுமா?"

சாப்பாட்டு மேசைக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. தரையில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"நீ சொன்னது சரிதான். வீட்டுக்குப் போய் மோந்து பாத்தேன். நாத்தம்தான். துணியெல்லாம் பூஞ்சை. பெரியவங்க ஒருத்தரும் சொல்லல, நீதான் சொன்ன. நீ தப்பா ஒண்ணும் பேசல. ஓடிப் போனது நான். உன் மேல கோவமே இல்ல."

கால்கள் அசையவில்லை.

அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சட்டென்று என் பக்கத்தில் உட்கார்ந்து, மேசையின் கீழே குனிந்து, "அம்மா வாயப் பொத்தினது தப்புடா கண்ணு. இனிமே பொத்த மாட்டேன்" என்றார்.

குருவி மெல்ல வெளியே வந்தாள். என் முகவாயிலிருந்து வேர்வை தரையில் சொட்டுவதைப் பார்த்தாள். உள்ளே போனாள். ஒரு துண்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, மறுபடி மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

ஒரு வார்த்தை இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

டாக்டரம்மா அவளை மறுபடி என்னிடமே அனுப்பினார். வந்தாள், உட்கார்ந்தாள், வரைந்தாள். பேசவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

பேசவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

மொட்டைமாடிக் கொடியில் எல்லாத் துணிகளையும் உதறிப் போட்டேன். உள்ளாடைகளையும்தான். எதிர் மாடியில் நின்ற மனிதர் நாகரிகமாகத் திரும்பிக்கொண்டார். பார்த்தால் பார்க்கட்டும் என்று சொல்லுமளவுக்குத் தைரியம் வரவில்லை. கன்னம் சூடாகத்தான் இருந்தது. ஆனாலும் இறங்கி ஓடவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டாளாம். அவள் அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நேத்து பூரா தொணதொணன்னு ஒரே பேச்சு மேடம்!"

என்னிடம் இன்றும் பேசவில்லை. வீட்டில் பேசுகிறாளே, அது போதும் எனக்கு.

பொய். போதவில்லை. ஆனால் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

ஏப்ரல் 30, வியாழன்

காலையிலிருந்து மின்சாரம் இல்லை. அறை அடுப்படி மாதிரி கொதித்தது. குருவியையும் அவள் அம்மாவையும் வராந்தாவுக்கு அழைத்துப் போய்ப் பாய் விரித்தேன். கொஞ்ச நேரத்தில் துணி முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழுந்து போய்த் துடைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. போகவில்லை.

அவள் ஒரு வீடு வரைந்து வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"நீங்க ஏன் அன்னைக்கு எந்திரிச்சுப் போயிட்டீங்க?"

சின்னக் குரல்தான். ஆனால் காதோடு இல்லை. வராந்தாவில் இருந்த யாருக்கும் கேட்டிருக்கும். அவள் அம்மாவின் கை மடியிலிருந்து எழும்பியது. அப்படியே நின்று, மறுபடி மடிக்குப் போனது. நானும் அசையவில்லை. என் முகத்தை மட்டும் எப்படியாவது சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். என்ன சொல்வது? குழந்தைகளுக்குச் சொல்ல எத்தனையோ பதில் கற்றுவைத்திருக்கிறேன்.

"வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

தலையாட்டினாள். சிவப்புக் க்ரேயானை என் பக்கம் உருட்டிவிட்டாள்.

"கூரைக்கு நீங்க அடிங்க. கோட்டத் தாண்டாம."

அடித்தேன்.